மாட்டுங்கா வாசலில் ஒரு இடது முன்னங்கால்

அன்றைக்கு நான் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். மாட்டுங்காவில், ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாவது மாடியில், அதற்குமுன் கண்ணால் கண்டிராத ஒரு வீட்டு வாசலில்.

தலைக்கு மேலே நிலைக்கட்டையில் ஒரு குதிரை லாடம் அடித்திருந்தது. அதற்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். நான் கதம்பத்தை ஒதுக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பெருவிரலால் அந்த இரும்பைத் தடவிக்கொண்டிருந்தேன்.

கீழே அந்த வீட்டு மாமி இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தார். "மெள்ள, மெள்ள. விழுந்து வச்சேள்னா உங்காத்துக்காரருக்கு யார் பதில் சொல்றது?"

அந்த நேரம் பார்த்து மேல்மாடிக்காரர் ஒருவர் பால் பாக்கெட்டோடு படியேறி வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "க்யா ஹுவா ஆன்ட்டி? லைட் கராப் ஹை க்யா?"

"லைட் டீக் ஹை," என்றார் மாமி. "யே கோடா தேக்னே ஆயி ஹை." லைட்டுக்கு ஒன்றுமில்லை, இந்தம்மா குதிரை பார்க்க வந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

அவர் நிலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேலே போய்விட்டார்.

எனக்கு அப்படியே இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் இறங்கவில்லை. தாராவியில் எங்கள் பட்டறை வாசலில் சாந்தினி என்கிற வெள்ளைப் பெட்டைக் குதிரை ஒரு காலைத் தரையில் முழுசாக ஊன்றாமல் நின்றுகொண்டிருந்தது. அது அதன் சொந்தக்காரர் காசிம் பாயிடமே இருக்குமா, இல்லை தரகர் கையில் ஏறி எங்கோ செங்கல் சூளைக்கு வண்டி இழுக்கப் போகுமா என்பது என் பெருவிரலுக்கு அங்கே என்ன தட்டுப்படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் இருந்தது.

நேரான கால் வேண்டும்

எங்கள் வீட்டுக்காரர் குதிரைக்கு லாடம் அடிப்பவர். இதை இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன், புதிதாகப் படிக்கிறவர்களுக்காக இன்னொரு தடவை. தோல் கடைகள் இருக்கிற பக்கம் தகரம் போட்ட சின்னப் பட்டறை. ஒரு உலை, ஒரு அடைகல், சுவர் முழுக்கக் குறடும் அரமும்.

அவருடைய அப்பா ஊரில் வண்டி மாட்டுக்கு லாடம் அடித்தவர். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருக்கும், அதனால் ஒரு காலுக்கு இரண்டு துண்டு இரும்பு. குதிரைக்கு ஒரே துண்டு, வளைவாக. "ரெண்டை ஒண்ணாக்கத்தான் நான் பம்பாய்க்கு வந்தேன்" என்று இவர் சொல்லிச் சிரிப்பார்.

என் வேலை உலைக்குக் கரி போடுவது, ப்ளோவரைக் கூட்டுவது குறைப்பது, குதிரை மிரளாமல் கழுத்துப் பக்கம் நிற்பது. அப்புறம் கழற்றின பழைய லாடத்தை மண்ணெண்ணெயும் மணலும் போட்டுத் தேய்த்து வைப்பது. அதை ஏன் தேய்க்க வேண்டும் என்று பிறகு சொல்கிறேன்.

காசிம் பாய் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். மேலப்பாளையத்துக்காரர், எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். இவரை 'அண்ணாச்சி' என்பார், என்னை 'அக்கா' என்பார். அவரிடம் இருந்த பழைய குதிரைக்கு வயசாகிவிட்டது. போன கல்யாண சீசனுக்கு முன்னால், கையில் இருந்ததையெல்லாம் போட்டு, எங்கோ வடக்கே ஒரு சந்தையில் சாந்தினியை வாங்கி லாரியில் கொண்டுவந்தார்.

பார்க்க அப்படி ஒரு அழகு. மை தீட்டின மாதிரி கண்ணோரம். ஒரே ஒரு விஷயம், இடது முன்னங்கால் கொஞ்சம் உள்பக்கம் திரும்பியிருக்கும். சில பெண்பிள்ளைகள் வெட்கப்பட்டு நிற்கும்போது கால் கட்டைவிரலை உள்ளே மடக்கி வைப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி.

காசிம் பாய்க்கு அதுதான் குறை. "அண்ணாச்சி, அந்தக் காலை மட்டும் நேராக்கிக் குடுங்க. இப்பல்லாம் வீடியோக்காரனுவ தரையில படுத்துல்லா எடுக்கானுவ. குதிரைக்குக் கால் கோணல்னு பொண்ணு வீட்டுக்காரன் ஒரு வார்த்தை சொன்னா என் பொழப்பு என்ன ஆவும்?"

"அது பொறப்புலயே அப்படி, பாய். அது அதோட நடை."

"நீங்க நினைச்சா முடியாதா அண்ணாச்சி? கொஞ்சமா அரத்தை வச்சு இழுங்க, போதும்."

இவருக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது. அந்த விஷயத்தில் அவரும் என்னை மாதிரிதான். குளம்பின் உள்பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாகச் சீவி, நாலு காலிலும் சந்தைக்காரன் அடித்திருந்த பழைய லாடத்தை எடுத்துவிட்டு, நல்ல வட்டமாக, இரண்டு பக்கமும் ஒரே அளவாகப் புது லாடம் அடித்தார். நிற்கவைத்துப் பார்த்தால் இரண்டு காலும் அளவு வைத்த மாதிரி நேராக இருந்தது. காசிம் பாய் அங்கேயே போட்டோ எடுத்துக்கொண்டார்.

நிற்கிற குதிரையைத்தான் எல்லோரும் பார்த்தோம்.

வாசலுக்குப் போகிற இரும்பு

பழைய லாடத்தை ஏன் தேய்த்து வைக்கிறேன் என்று கேட்டால், இந்த பம்பாயில் அதற்கு இருக்கிற கிராக்கி புதுசுக்குக் கிடையாது. குதிரை ஓடித் தேய்ந்த லாடத்தை வாசலில் அடித்தால் வீட்டுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை. குஜராத்தி, மராட்டி, நம்மவர்கள், எல்லோருக்கும் உண்டு. சனி தோஷத்துக்கு மோதிரம் செய்துகொள்கிறவர்கள் கறுப்புக் குதிரையின் லாடம்தான் வேண்டும் என்பார்கள். "கறுப்புதானே? சத்தியமா கறுப்புதானே?" என்று கேட்பார்கள். குதிரை எதிரே நிற்காதபோது நான் எதைக் காட்டுவது?

புது லாடத்தைக் கொடுத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். தேய்ந்திருக்க வேண்டும். எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அவ்வளவு யோகம்.

அன்றைக்கு மாட்டுங்காவிலிருந்து ஒருவர் காரில் வந்திருந்தார். ஐரோலியில் கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை. "அம்மா ஒரு மாசமா நச்சரிக்கிறா சார், வாசல்ல மாட்டணுமாம்" என்று இவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சாந்தினியின் இடது முன்னங்கால் லாடம் அப்போதுதான் குறட்டோடு வெளியே வந்தது. மண்ணும் சாணியும் ஒட்டியபடியே அதை ஒரு பேப்பரில் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். நான் தேய்த்துக் கொடுக்கிறேன் என்று சொல்லக்கூட நேரமில்லை.

நாங்கள் மூன்று பேரும் செய்த தப்பு அதுதான். ஒரே நாளில் காலையும் நேராக்கினோம், அந்தக் கால் எப்படி நடந்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சியையும் அதிர்ஷ்டத்துக்குக் கொடுத்துவிட்டோம்.

தலைப்பாகை விழுந்தது

முதல் கல்யாணத்திலேயே தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்து பத்தடி போவதற்குள் சாந்தினிக்கு இடது கால் தடுக்கி முட்டி மடங்கியது. மாப்பிள்ளை பிடித்துக்கொண்டார், ஆனால் தலைப்பாகை கீழே விழுந்து பேண்டுக்காரர் காலடியில் உருண்டது. பெண் வீட்டுக் கிழவி ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாளாம்.

மறுநாள் காசிம் பாய் குதிரையை ஓட்டிக்கொண்டு வந்தார். அது நொண்டவில்லை, ஆனால் அந்தக் காலை வைக்கும்போது யோசித்து யோசித்து வைத்தது. இவர் குளம்பைத் தட்டிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். புண் இல்லை, ஆணி தப்பாக இறங்கவில்லை. கணுவுக்கு மேலே தொட்டால் மட்டும் சூடு.

"ஞாயித்துக்கிழமை செம்பூர்ல ஒரு கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கேன்," என்றார் காசிம் பாய். "அதுலயும் விழுந்துச்சுன்னா என்னை ஒருத்தனும் கூப்பிட மாட்டான். நாசிக் பக்கத்துத் தரகன் நேத்தே போன் போட்டுட்டான் அண்ணாச்சி. திங்கக்கிழமை வந்து பாக்கேங்கான்."

"தரகன் கொண்டுபோயி என்ன செய்வான்?"

"என்ன செய்வான், சூளைக்குத்தான். ஊர்வலத்துக்கு ஆகாததை வேற எங்க விப்பான்?"

இவர் லாடத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குதிரையைச் சும்மா நடக்கவிட்டுப் பார்த்தார். திரும்பத் திரும்ப நடக்கவிட்டார். கடைசியில் என்னிடம் வந்து, "பிரயோசனம் இல்ல ஏளா" என்றார். "இப்ப அது நடக்கிறது அதோட நடை இல்ல. வலியோட நடை. இதைப் பாத்து நான் லாடம் அடிச்சா வலிக்குத்தான் லாடம் அடிக்க முடியும்."

லாடம் என்பது செருப்பு மாதிரி. எங்கே நாம் அழுத்தி மிதிக்கிறோமோ அங்கே தேயும். ஒவ்வொரு குதிரைக்கும் ஒவ்வொரு இடம். ஒன்று நுனியில் தேய்க்கும், ஒன்று குதியில். அந்தத் தேய்மானத்தைப் பார்த்துத்தான் இவர் அடுத்த லாடத்துக்கு எங்கே இரும்பை விடுவது, கால் சுலபமாக உருண்டு எழும்ப எங்கே சாய்ப்பது என்று முடிவு செய்வார். சாந்தினி நல்லபடியாக நடந்த காலத்துத் தேய்மானம் அந்தப் பழைய லாடத்தில்தான் இருந்தது.

பழைய இரும்பு டிரம்மைக் கொட்டித் தேடினோம். அந்தச் சந்தை லாடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம், ஆணி ஓட்டை சதுரமாக இருக்கும். மூன்று கிடைத்தது. மூன்றும் ஒழுங்காக, நுனியில் தேய்ந்த லாடம். வேண்டிய ஒன்று மாட்டுங்காவில் பூவோடும் பொட்டோடும் இருந்தது.

போட்டோவில் தெரியாது

அந்த ஐரோலி ஆபீஸ்காரர் நம்பர் இவர் போனில் இருந்தது. காசிம் பாய் பேசினார். நல்ல மனிதர், உடனே அம்மாவிடம் சொல்லிப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். வந்தது. லாடம் தகதகவென்று வெள்ளி மாதிரி மின்னியது, மேலே பாதி கதம்பம். அவ்வளவுதான்.

"இதுல என்ன தெரியும்?" என்றார் இவர். "இரும்பு எங்க மெலிஞ்சிருக்குன்னு விரலை வச்சாத்தான் தெரியும். யாராவது போவணும்."

இவருக்கு முழங்கால் வலி. அந்தக் கட்டிடத்தில் லிப்ட் இல்லை, மூன்று மாடி. காசிம் பாய் போகலாம், ஆனால் அவருக்கு லாடத்தைத் தடவத் தெரியாது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஆள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. அஞ்சாம் வகுப்புவரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தேன், டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். எதிரே வருகிறவர் காலைத்தான் பார்ப்பேன். எங்கள் சந்தில் யார் யாருக்கு என்ன செருப்பு என்று சொல்லுவேன், மூக்கு எப்படி என்று கேட்டால் திணறிவிடுவேன். இந்தத் தொடரை எழுதச் சொன்னபோது சரி என்றதும் அதனால்தான். எழுதும்போது யாரும் எதிரே இருப்பதில்லை.

"நான் போயி என்ன சொல்ல?" என்று கேட்டேன்.

"உள்ளதைச் சொல்லு."

"அவங்க நம்பணுமே."

"அக்கா, உங்களைப் பாத்தா யாரும் பொய் சொல்லுதாங்கன்னு நினைக்க மாட்டாங்க," என்றார் காசிம் பாய். "உங்களுக்குப் பேச்சே வராதே, பொய் எங்க வரும்?"

சயானில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்கா. அந்த ஒரு ஸ்டேஷனுக்குள் என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மூன்றாவது மாடிக்கு ஏறும்போது எல்லாம் மறந்துவிட்டது.

இன்னிக்கு வெள்ளிக்கிழமை

கதவைத் திறந்த மாமி என்னைப் பார்த்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள், "லாடத்தைத் திருப்பிக் கேக்க வந்திருக்கேளா?" என்றார்.

"இல்லம்மா. தொட்டுப் பாக்கணும்."

"தொட்டுப் பாத்துட்டு?"

"போயிருவேன்."

மாமிக்கு நம்பிக்கை வரவில்லை. "கேட்டேளா, இதை மாட்டின வாரமே பிள்ளைக்கு நைட் டூட்டி போய் பகல் டூட்டி ஆயிடுத்து. எத்தனை வருஷமா கேட்டுண்டிருந்தான் தெரியுமா? இப்பத்தான் ராத்திரி ஆத்துல சாப்பிடறான். இதை இறக்கப்படாது. அதுவும் இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கீழே வாசல் ஓரத்தில் மாமியின் செருப்பு கிடந்தது. பார்த்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"அம்மா, உங்களுக்கு இடது செருப்பு வெளிப்பக்கமாத் தேயுது."

"ஆமா. எப்பவும் அப்படித்தான்."

"அந்தக் குதிரைக்கும் அப்படி ஏதோ ஒண்ணு. நாங்க தெரியாம நேராக்கிட்டோம். இப்ப அதால நடக்க முடியல. பழைய செருப்பைப் பாத்தாத்தான் புதுசு செய்ய முடியும். அந்தப் பழைய செருப்புதான் உங்க வீட்டு வாசல்ல இருக்கு."

அவ்வளவு நீளமாக ஒரு அந்நியரிடம் நான் பேசியதே இல்லை.

மாமி குனிந்து தன் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். "ஒரு டாக்டர் என்னை நேரா நடங்கோன்னார்," என்றார். "அவர் சொன்னாரேன்னு நேரா நடந்து நடந்து இடுப்பு போயிடுத்து. இருங்கோ, ஸ்டூல் கொண்டு வரேன்."

அப்படித்தான் நான் ஸ்டூல் மேல் ஏறினேன்.

பெருவிரலும் சப்பாத்தி மாவும்

இரும்பு நன்றாக வழவழ என்றிருந்தது. மாமி பித்தளைக் குத்துவிளக்குக்குத் தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். நல்லவேளையாகத் தரையில் படுகிற பக்கம் வெளியே தெரிகிற மாதிரி அடித்திருந்தார்கள்.

லாடத்து வளைவின் இரண்டு கையில் உள்பக்கத்துக் கை தடியாக, கிட்டத்தட்டப் புதுசு மாதிரி இருந்தது. நுனியில் தேய்மானம் இருக்கும் என்று தேடினேன். இல்லை. நுனியின் வெளி மூலையில் இருக்கும் என்று இவர் சொல்லியிருந்தார். அங்கேயும் அதிகமில்லை. இன்னும் பின்னால் விரலை நகர்த்தினேன். வெளிப்பக்கத்தில் இரண்டாவது ஆணிக்கும் மூன்றாவது ஆணிக்கும் நடுவில் இரும்பு சட்டென்று இறங்கியது. கத்தி விளிம்பு மாதிரி மெலிசு.

அங்கேதான் சாந்தினி காலைத் தூக்கியிருக்கிறது. நுனியில் இல்லை, மூலையிலும் இல்லை, பக்கவாட்டில். ஒரு உருட்டு உருட்டித் தூக்குகிற நடை.

"கிடைச்சுதா?" என்றார் மாமி.

"கிடைச்சுட்டும்மா. ஆனா அவர்ட்ட போயி எப்படிச் சொல்லுவேன்? அவர் கையால பாத்தாத்தான் நம்புவார்."

மாமி யோசித்தார். உள்ளே போய் ராத்திரிக்குப் பிசைந்து வைத்திருந்த சப்பாத்தி மாவில் பாதியை ஒரு தட்டில் கனமான அடையாகத் தட்டிக் கொண்டுவந்தார். மேலே உலர்ந்த மாவைத் தூவி, "இதை வச்சு அழுத்துங்கோ. லாடம் அப்படியே பதியும். எங்கே தடி, எங்கே மெலிசுன்னு பள்ளத்துல தெரியும். இறக்கவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

அப்படியே செய்தோம். அச்சு அசலாக விழுந்தது. ஆணி ஓட்டைகூடப் பதிந்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம் குங்குமம். மாமி அதை ஒரு எவர்சில்வர் டப்பாவில் தட்டோடு வைத்து மூடி, "டப்பா மெதுவா வரட்டும். ஆனா குதிரை நடந்துதான்னு மட்டும் எனக்குச் சொல்லியாகணும்" என்றார். காப்பி குடிக்காமல் விடவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த மீன்காரம்மா, "காய் ஆஹே, லாடு?" என்று கேட்டாள். லட்டா என்று. நான் சிரித்து வைத்தேன்.

வாய்க்குள் போன சாட்சி

பட்டறை வாசலில் இவரும் காசிம் பாயும் காத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தோல் கடைக்காரர்களும் இரண்டு மூன்று பேர் வந்து நின்றார்கள். விஷயம் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது.

நான் டப்பாவைத் திறந்தேன். இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். அதற்குள் என் தோளுக்கு மேலே ஒரு சூடான மூச்சு. வெள்ளையாக ஒரு பெரிய முகம் வந்து, மாவில் ஒரு பாதியை அப்படியே கவ்விக்கொண்டு போனது.

"அடி பாவி!" என்று கத்தினார் காசிம் பாய். "உனக்காகத்தானேட்டி அக்கா ஊரெல்லாம் அலையுதாங்க!"

சாந்தினி மென்றுகொண்டே எங்களைப் பார்த்தது. மிச்சம் இருந்தது உள்பக்கத்துக் கையின் பள்ளம். வெளிப்பக்கம் முழுக்க அதன் வயிற்றுக்குள் போய்விட்டது.

தோல் கடைக்காரர்கள் சிரித்து ஓய்வதற்கு நேரமானது. "அண்ணாச்சி, நாளைக்குச் சாணியில பாத்துக்கிடலாம்" என்றார் ஒருவர்.

இவர் சிரிக்கவில்லை. மிச்சத்தைப் பார்த்துவிட்டு, "சரி, உள்பக்கம் தடியா இருக்கு, அது தெரியுது. வெளி மூலையில சாய்ச்சிருவோம்" என்று இரும்பை எடுத்து உலைக்குள் வைக்கப் போனார்.

அது தப்பு என்று எனக்குத் தெரியும். மூலையில் சாய்த்தால் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தடுக்கும். இத்தனை வருஷத்தில் இவர் இரும்பில் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுவும் நாலு ஆண்கள் நிற்கிற இடத்தில்.

"ஏங்க," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. ப்ளோவர் சத்தம்.

நான் போய் ப்ளோவரை நிறுத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூலை இல்ல," என்றேன்.

"என்ன ஏளா?"

"மூலை இல்லங்க. இன்னும் பின்னால. வெளிப்பக்கத்துல ரெண்டாம் ஆணிக்கும் மூணாம் ஆணிக்கும் நடுவுல. அங்கதான் இரும்பே இல்லாத மாதிரி இருந்துச்சு."

"அவ்வளவு பின்னாலயா? அப்படி நடக்கிற குதிரையை நான் பாத்ததில்லையே."

"நானும் பாத்ததில்ல. ஆனா அங்கதான் தேய்ஞ்சிருக்கு."

இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இரும்பை அடைகல் மேல் வைத்துவிட்டு, ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "குறி போடு."

அடைகல் மேல் கிடந்த இரும்பில் நான் குறி போட்டேன். கோடு கொஞ்சம் கோணலாக வந்தது.

இவர் ப்ளோவரை மறுபடி ஓடவிட்டார்.

சாய்த்த இரும்பு

அந்த லாடத்தை அடித்ததை நான் இன்னொரு தடவை பார்க்க ஆசைப்படுகிறேன். வட்டமாக வளைக்காமல், சாந்தினியின் குளம்பு எப்படிக் கோணியிருந்ததோ அப்படியே வளைத்தார். நான் குறி போட்ட இடத்தில் இரும்பைத் தட்டித் தட்டிப் படகின் ஓரம் மாதிரி சாய்த்தார். அவர் கூடுதலாகச் சீவியிருந்த உள்பக்கத்தில் குளம்பு வளர வாரக்கணக்காகும். அதுவரைக்கும் ஈடுகட்ட, தோல் கடைக்காரரிடம் ஒரு துண்டுத் தோல் வாங்கி, மெலிசாகச் சீவி லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவில் வைத்தார். இரும்பைச் சூட்டோடு குளம்பில் வைத்துப் பார்த்தபோது முடி கருகுகிற வாசனையோடு புகை எழுந்தது. அந்த வாசனை எனக்குப் பிடிக்கும், யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் நடக்கவிட்டார்கள். கால் மறுபடியும் உள்பக்கம் திரும்பிக்கொண்டது. பார்ப்பதற்குக் கோணல்தான். ஆனால் யோசிக்காமல் வைத்தது. காசிம் பாய் சந்துமுனைவரை கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டு வந்தார். கணுவில் சூடு இல்லை.

"நாளைக்கு விடலாமா அண்ணாச்சி?"

"நாளைக்குக் காலையில தொட்டுப் பாப்பேன். சூடு இருந்தா விடக்கூடாது, கல்யாணம் நின்னாலும் சரி."

சூடு இல்லை.

செம்பூர்

நான் கல்யாணத்துக்கெல்லாம் போகிறவள் இல்லை, கூப்பிட்ட கல்யாணத்துக்கே போக மாட்டேன். கூப்பிடாத கல்யாணத்துக்கு அன்றைக்குப் போனேன். செம்பூரில் ஹால் இருக்கிற தெருவில், இவரும் நானும் ஒரு மருந்துக்கடைப் படியில் நின்றுகொண்டோம்.

பேண்டு சத்தம் முதலில் வந்தது. அப்புறம் விளக்குத் தூக்கிகள், ஆடுகிற பையன்கள், பெண்கள். அவர்களுக்குப் பின்னால் சாந்தினி, ஜரிகைத் துணியும் நெற்றியில் குஞ்சமுமாக. மாப்பிள்ளை நல்ல கனம். இவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஹாலுக்கு முன்னால் ஒரு ஸ்பீட் பிரேக்கர் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைத்தான் பார்த்தோம். வலது கால் ஏறியது. இடது கால் உள்பக்கம் திரும்பி, மெதுவாகப் பக்கவாட்டில் உருண்டு, தூக்கி, அந்தப் பக்கம் இறங்கியது. தலைப்பாகை அசையக்கூட இல்லை. பக்கத்தில் ஒரு பட்டாசுச் சரம் வெடித்தது, அதற்கும் அது காதை மட்டும் திருப்பியது.

மாப்பிள்ளையின் மாமாவோ சித்தப்பாவோ ஒருவர் காலைக் கவனித்துவிட்டார். "அரே, இஸ்கா பைர் டேடா ஹை!" என்றார். இதற்குக் கால் கோணல் என்று.

காசிம் பாய் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டே நிமிர்ந்து சொன்னார். "டேடா நஹி சேட், ஸ்டைல் ஹை."

அந்த மனிதருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீடியோக்காரர் தரையில் படுத்து அந்தக் காலைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை இறங்கி உள்ளே போனதும் தெரு சட்டென்று காலியானது. காசிம் பாய் எங்களிடம் வந்தார். ஒரு கையில் ஜிலேபிப் பொட்டலம், இன்னொரு கையில் கடிவாளமும் போனும். போனில் அந்த நாசிக் தரகனிடம் பேசிக்கொண்டே வந்தார். "இல்ல பாய், நாளைக்கு வராதீங்க. குதிரை குடுக்கிறதா இல்ல. இல்ல, விலை விஷயம் இல்ல. அவளுக்கு இங்க வேலை இருக்கு."

போனை வைத்துவிட்டு ஜிலேபியை என்னிடம் நீட்டினார். "அக்கா, இது உங்களுக்கு. அண்ணாச்சிக்குக் கொஞ்சமாக் குடுங்க, அவருக்குச் சுகர்."

ஜரிகைத் துணியை அவிழ்த்து மடித்ததும் சாந்தினி உடம்பை ஒரு உதறு உதறியது. பிறகு யாரும் சொல்லாமலேயே, காலித் தெருவைப் பார்த்து மெதுவாக ஓட ஆரம்பித்தது. காசிம் பாய் ஷெர்வானியும் பளபள செருப்புமாகக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடினார். "ஏ, நில்லு! நில்லுட்டி! அண்ணாச்சி, பாருங்க, இவ என்னை இழுத்துக்கிட்டு ஓடுதா!"

இவர் மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"ஓடட்டும், பாய்," என்றார். "கூடவே ஓடுங்க."